ஆசீர்வாதம் சாகடிக்காத பிளக்

ரப்பர் கம்பெனியில் இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கைச் சாகடிப்பது ஒரு வழக்கம். அதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

காரணம் ஸ்டோர்ஸ் இராமலிங்கம். பழைய பிளக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும், அது செத்துவிட்டது என்று தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அப்புறம்தான் புதுசு என்பது அவர் சட்டம். அரை உயிரோடு கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஆட்கள் ஸ்டோர்ஸுக்குப் போகிற வழியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். பீங்கான் பிளந்து விழும். "செத்துடுச்சி சார்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நீட்டுவார்கள். இராமலிங்கம் பிணத்தை வாங்கி நெய் டின்னில் போட்டுவிட்டுப் புதுசை எடுத்துத் தருவார். அவருக்கும் தெரியும். பிணம் பிணமாக இருந்தால் போதும், எப்படிச் செத்தது என்பது ஸ்டோர்ஸ் வேலை இல்லை.

மெயின்டனன்ஸ் மெக்கானிக் ஆசீர்வாதம் மட்டும் ஒன்பது வருஷத்தில் ஒரு பிளக்கைக்கூடச் சாகடித்தவர் இல்லை. கழற்றுவார், துணியால் துடைப்பார், உப்புத்தாள் போட்டுக் கரியை எடுப்பார், இடைவெளியைத் தேய்ந்த ரம்பத் தகட்டால் அளந்து சரிசெய்து மறுபடி மாட்டுவார். மற்றவர்கள் மூன்று மாசத்தில் தூக்கிப்போடுவது அவர் கையில் ஒரு வருஷம் ஓடும். "நீ பிளக்குக்கு வைத்தியம் பாக்கறியா, இல்ல அதுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கப்போறியா" என்று கேலி பேசுவார்கள். அவர் சிரிக்கமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கர்வம் இருந்தது.

கர்வத்துக்கு ஒரு கதையும் உண்டு. கவரைப்பேட்டைக்காரர். இருபது வயதில் சோழவரத்துப் பந்தயத் திடலில் வண்டி தள்ளும் கூலிக்குப் போனார். ஒரு சுற்று ஓடி வந்து நிற்கும் பைக்கிலிருந்து மெக்கானிக்குகள் பிளக்கைச் சூட்டோடு கழற்றி, அதன் வாயை வெயிலில் காட்டிப் பார்த்துவிட்டு ஏதோ முடிவெடுப்பதைத் தள்ளி நின்று கவனித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த நிறத்துக்கு எதைத் திருகுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். காபிப்பொடி நிறமென்றால் இன்ஜின் சௌக்கியம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிஞ்சுகிறது. விபூதியாய் வெளுத்திருந்தால் பட்டினி கிடக்கிறது. எண்ணெய் மினுங்கினால் உள்ளே ரிங் தேய்ந்துவிட்டது. மனுஷன் சொல்லாததைப் பிளக் சொல்லும் என்று பிற்பாடு மீஞ்சூரில் உமர் பாரூக்கின் ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தபோது அடிக்கடி சொல்வார்.

அங்கேயே இருந்திருக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி, பழைய டயரைப் பொடியாக்கி மிதியடி செய்கிற இடம், காண்ட்ராக்டில் சேர்ந்தால் ரெண்டு வருஷத்தில் பர்மனென்ட் என்று ஒரு பேச்சு வந்தது. கிளம்பிவிட்டார். உமர் பாரூக் தடுக்கவில்லை. "போ நைனா. ஆனா ஒண்ணு, கம்பெனில பிளக்கு பாக்கறதுக்கு ஆள் தேவப்படாது. பாத்தாச்சின்னு கையெழுத்து போடறதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார். ரெண்டு வருஷம் ஒன்பதாகியும் ஆசீர்வாதத்தின் கழுத்தில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கான மஞ்சள் பட்டை அட்டைதான் தொங்கியது. பர்மனென்ட் ஆட்களுக்குப் பச்சைப் பட்டை. 2007ஆம் வருஷம் மெயின்டனன்ஸுக்கு ஒரே ஒரு பச்சை ஒதுக்கியிருப்பதாகவும், பட்டியலில் அவர் பெயர் இருப்பதாகவும் ஆபீஸ் பக்கமிருந்து செய்தி கசிந்தது.

அவர் பொறுப்பில் இருந்த இன்ஜின்களில் முக்கியமானது தீயணைக்கும் பம்ப். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார வைத்த சின்னப் பெட்ரோல் இன்ஜின், கயிறு இழுத்துக் கிளப்புவது. டயர் மலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் தகரக் கொட்டகையில் நிற்கும். திங்கட்கிழமை தோறும் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு ரிஜிஸ்டரில் 'சரி' என்று எழுத வேண்டும்.

திங்கட்கிழமைகளில் கயிறு இழுக்கிற ஆள் பச்சையப்பன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன், முப்பதைத் தாண்டியவன். சுனாமியில் படகும் இன்ஜினும் போன பிறகு டயர் அடுக்கும் வேலைக்கு வந்தவன். இன்ஜின் சத்தம் கேட்காவிட்டால் வாரம் விடிந்த மாதிரியே இல்லை என்று அவனே வந்து நிற்பான்.

"இன்னாண்ணா, உன் சம்சாரம் ஒடம்பு எப்டி கீது?" என்பான், பம்பைக் காட்டி.

"உன்ன மாதிரி சோம்பேறி இல்லடா. ஒரே இழுப்புல எந்திரிப்பா."

"என் போட்டு இன்ஜினு மூணு இழுப்பு கேக்கும். மூணாவதுல திட்டினாத்தான் கெளம்பும். இது பதவிசா கீதே."

"திட்டற எடத்துல பிளக்க தொடச்சிருந்தா மொத இழுப்புலயே கெளம்பியிருக்கும்."

"கடல் நடுவுல துணிக்கு எங்க போறது? கட்டிகினு கீற லுங்கியத்தான் அவுக்கணும்."

இப்படித்தான் அவர்கள் சிநேகம். பம்புக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் பரணிதரன் வியர்த்து விறுவிறுத்து வந்தார். திருவள்ளூரில் மைத்துனன் கல்யாணம், மாலை வரவேற்பு. ஸ்கூட்டர் கிளம்பவில்லை. "ஆசீர்வாதம், இத கொஞ்சம் பாருங்க. லேட்டானா என் மாமியார் ஊரக் கூட்டிடுவாங்க."

ஆசீர்வாதம் பிளக்கைக் கழற்றினார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. நகத்தால் சுண்டினார். பொங்கலுக்குப் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்களே, அதுபோல. நல்ல பிளக் 'டிங்' என்னும். இது 'டொக்' என்றது. பீங்கானில், இரும்பு விளிம்புக்குக் கீழே, முடி அளவு விரிசல். யாரோ ஸ்பேனரைக் கோணலாகப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

"புதுசுதான் போடணும் சார்."

"இப்ப எங்க போறது? ஸ்டோர்ஸ்ல சொந்த வண்டிக்குத் தரமாட்டாரு." பரணிதரனின் கண் தகரக் கொட்டகைப் பக்கம் போனது. "அந்தப் பம்புல இருக்கறது சேராதா?"

ஒரே மரை, ஒரே நீளம். சேரும். ஆசீர்வாதம் பதில் சொல்லவில்லை. சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டு பரணிதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நாள்தானே. புதுசு வாங்கிட்டு வந்துடறேன். பட்டியல்ல உங்க பேர நான்தான் மொதல்ல எழுதியிருக்கேன், தெரியும்ல" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பம்பின் காபிப்பொடி நிறப் பிளக் ஸ்கூட்டருக்குப் போனது. ஸ்கூட்டரின் விரிசல் பிளக் பம்புக்கு வந்தது. ஓட்டையைத் திறந்துபோட்டால் டயர்ப் பொடி உள்ளே போய்விடும், அதற்காக மாட்டிவைத்ததுதான். அப்படித்தான் ஆசீர்வாதம் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்தது. பரணிதரன் வியாழன் வரைக்கும் லீவு. பச்சையப்பன் வந்து கயிறு இழுத்தான். எட்டு இழுப்புக்குப் பிறகு பம்ப் இருமியது, தடுமாறியது, அரை நிமிஷத்தில் அணைந்தது.

"இன்னாண்ணா, சம்சாரம் கோச்சிகினுகீதா?"

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

பிளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது கையில் ஸ்பேனர் இருந்தது. ஒரு தட்டு போதும். பீங்கான் ஏற்கெனவே பாதி பிளந்தது, தொட்டாலே உதிரும். நின்றார். ஒன்பது வருஷமாகச் செய்யாததை இன்றைக்குச் செய்வதா என்று தோன்றியது. உண்மையிலேயே செத்த பிளக்கை எதற்கு இன்னொரு தரம் சாகடிக்க வேண்டும்? எடுத்துச் சொன்னால் புரியாதா? நடந்தார்.

இராமலிங்கம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான கீது?"

"பம்பு பிளக்கு, விரிசல் சார். சுண்டிப் பாருங்க, சத்தம் வராது."

"நான் இன்னா பானை யாவாரியா?" எழுந்து ஸ்டோர்ஸ் மொபெட்டின் பிளக் ஒயரை உருவி இதில் செருகினார். பிளக்கை இன்ஜின் உடம்பில் ஒட்டிப் பிடித்து, "மிதி" என்றார். ஆசீர்வாதம் கிக்கரை மிதித்தார். பிளக் முனையில் நீலப்பொறி சொடுக்கியது. மறுபடி மிதித்தார். மறுபடி சொடுக்கியது, முன்னைவிட அழகாக.

"நீலமா வருது. இதுக்கு மேல உனக்கு இன்னா வேணும்?"

"வெளிய வரும் சார். உள்ள காத்து அழுத்தும்போது நிக்காது. விரிசல் வழியா கரண்ட் ஓடிப்பூடும்."

"உள்ள பூந்து நீ பாத்துட்டு வந்தியா?"

"சார், ஒம்போது வருஷத்துல நான் எப்பனா பொய் சொல்லிக் கேட்டிருக்கேனா?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா கீது. ஒம்போது வருஷமா ஒழுங்கா இருந்த ஆளு, இப்ப இன்னாத்துக்கு நல்ல பிளக்க கொண்டாந்து நீட்டறே? ஊட்டு வண்டிக்கா?" சிரித்துக்கொண்டே பிளக்கைத் திருப்பிக் கொடுத்தார். "செத்தா கொண்டா. செத்த அன்னிக்கே தரேன்."

பம்புக்கு இந்தப் பிளக் எப்படி வந்தது என்று சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும். ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பஜாரில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம், பெரிய காசு ஒன்றுமில்லை. கம்பெனி பம்புக்கு என் காசு எதற்கு என்ற எரிச்சலில் அன்றைக்கு வாங்கவில்லை. மறுநாளும் வாங்கவில்லை. பிளக்கைத் துடைத்து, இடைவெளியை ஒரு மயிரிழை குறைத்து மாட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஓடியது. ரிஜிஸ்டரில் எழுதினார்: சரி.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு டயர் மலையில் தீப்பிடித்தது.

ஆசீர்வாதம் அப்போது பெல்ட் வாங்க மீஞ்சூருக்குப் போயிருந்தார். திரும்பி வருகிறபோது நெடுஞ்சாலையிலிருந்தே கருப்புப் புகை தெரிந்தது. டயர்ப் புகை மற்றப் புகை மாதிரிக் கலையாது, எழுந்து நிற்கும். கம்பெனி வாசலுக்கு வந்தபோது தீயணைப்பு வண்டி தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது. வேனில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார்கள். யார் என்று கேட்டார். பச்சையப்பன்.

நடந்ததைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துச் சொன்னது இவ்வளவு: தீயைப் பார்த்ததும் பச்சையப்பன் பம்பிடம் ஓடினான். இழுத்தான், இழுத்தான், இருபது இழுப்புக்குக் குறையாமல் இழுத்தான். கடைசி இழுப்பில் கயிறே அறுந்து கையோடு வந்தது. தீ அதற்குள் நடு வரிசைக்குத் தாவிவிட்டது. அடுத்த வரிசைக்குப் போகாமல் பிரிக்கலாமென்று கொக்கியை எடுத்துக்கொண்டு எரிகிற டயர்களை இழுத்துத் தள்ளப் போனான். அடுக்கு சரிந்தது. உருகிய ரப்பர் இரண்டு கையிலும் அப்பிக்கொண்டது. உதறினால் போகிற சாமான் இல்லை அது.

ஆசீர்வாதம் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் போனார். அறுந்த கயிறு தரையில் கிடந்தது. சிலிண்டரைத் தொட்டார், குளிர்ந்திருந்தது. ஒரு வினாடிகூட எரியவில்லை. பிளக்கைக் கழற்றினார். முனையிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

படிக்கத் தெரிந்தவருக்கு அதில் எல்லாம் எழுதியிருந்தது. பெட்ரோலைத் திறந்திருக்கிறான். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைச் சரியாகப் போட்டிருக்கிறான், இல்லாவிட்டால் இவ்வளவு நனையாது. முறைப்படி, பலமாக, திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறான். அவன் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே பொறி மட்டும் வரவில்லை.

பிளக்கைப் பேன்ட்டில் துடைத்தார். ஈரம் துணியில் இறங்கியது.

மூன்றாம் நாள் பரணிதரன் சின்ன அட்டைப் பெட்டியில் ஒரு புதுப் பிளக்கைக் கொண்டுவந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "திங்கக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வராரு. பம்பு ஸ்டார்ட் ஆகணும். அவ்ளோதான் மேனேஜர் சொன்னாரு" என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, "பிளக் விஷயம் அவருக்குத் தெரியாது. நம்ம ரெண்டு பேருக்குத்தான்" என்றார். பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டோர்ஸ் பக்கம் போய் இராமலிங்கத்தின் நெய் டின்னில் போட்டுவிட்டு வந்ததாகப் பின்னால் சொன்னார். செத்ததோடு செத்ததாக.

அதற்கு மேல் ஆசீர்வாதம் செய்ததை யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை. புதுப் பிளக்கைப் போட்டுப் புதுக் கயிறு மாட்டினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெளேரென்று இருக்குமே, நேற்றுப் போட்டதென்று குழந்தைகூடச் சொல்லிவிடுமே என்று நினைத்தார். பம்பை அரைச் சோக்கில் ஓடவிட்டார். கழற்றிப் பார்த்தார், கரி அதிகம். சோக்கை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஓட்டினார். மறுபடி கழற்றினார். இருபது வருஷமாகப் பிளக்கின் நிறத்தைப் படித்தவர், அன்று அதை எழுதினார். காபிப்பொடி நிறம் வரும்வரைக்கும் விடவில்லை.

திங்கட்கிழமை கொட்டகை முன்னால் இன்ஸ்பெக்டர், மேனேஜர், பரணிதரன், கொஞ்சம் தள்ளித் தொழிலாளிகள். பச்சையப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் அழைத்துவந்திருந்தார்கள். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. மனைவி கங்கம்மா அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடிக்க வேறு இடமில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் கேட்டது ஒன்றுதான். கேட் பக்கத்தில் ஒரு வேலை கொடுத்து அவனை உட்காரவைத்தால் போதும், அவன் வண்டி நம்பரைச் சொன்னால் யாராவது எழுதிக்கொள்ளட்டும். பம்பு பழுது என்று தெரிந்தால் கம்பெனி அந்த வேலையைக் கொடுத்தாக வேண்டும். பம்பில் பழுதில்லை, அவனுக்குக் கிளப்பத் தெரியவில்லை, சொல்லாமல் தீக்குள் போனான் என்றால் கொடுக்க வேண்டியதில்லை. மேனேஜர் இரண்டாவதைத்தான் டைப் அடித்து வைத்திருந்தார்.

"கெளப்பத் தெரியலியா? பத்து வருஷம் கடல்ல கவுறு இழுத்தவன் சார் நானு" என்றான் பச்சையப்பன்.

"கடல் வேற, கம்பெனி வேற" என்றார் மேனேஜர். "இந்தப் பம்புக்குச் சோக் எந்தப் பக்கம் போடணும், சொல்லு."

பச்சையப்பன் கட்டுப்போட்ட கையைத் தூக்கினான். காற்றில் இடது பக்கம் நகர்த்தினான். நிறுத்தினான். "போட்டு இன்ஜினுக்கு இழுத்தா போடறது சார். இதுக்கு..." ஆசீர்வாதத்தைப் பார்த்தான். "இதுக்குத் தள்ளினா."

"தள்ளினியா, இழுத்தியா?"

"தள்ளினேன். தள்ளியிருப்பேன் சார்."

மேனேஜர் அந்த 'இருப்பேன்' என்பதை இன்ஸ்பெக்டர் கவனித்தாரா என்று பார்த்துக்கொண்டார். ஆசீர்வாதத்தின் பக்கம் தலையசைத்தார்.

ஆசீர்வாதம் கயிற்றைப் பிடித்தார். மெதுவாக இழுத்தால் கிளம்பாமல் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கைக்கு அது தெரியவில்லை. பழகிய கை பழகிய மாதிரி இழுத்தது. முதல் இழுப்பில் பம்ப் கிளம்பியது. குழாயிலிருந்து தண்ணீர் வளைந்து போய்க் கருகிய டயர்மேல் விழுந்தது.

பச்சையப்பன் பம்பையே பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் ஆசீர்வாதம் தாங்கியிருப்பார். பரீட்சையில் தப்பு விடை எழுதிவிட்டு, சரியான விடையைப் பலகையில் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"பிளக் எப்ப மாத்தினது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"போன சர்வீஸ்ல சார். நாலு மாசம் ஆவுது."

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். வாரந்தோறும் ஒரே கையெழுத்தில் சரி, சரி, சரி. பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லவில்லை. அத்தனை பாடுபட்டு வரவைத்த நிறத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒன்றரை மாசம் கழித்துப் பச்சைப் பட்டை வந்தது. மனைவி ரோஸ்லின் அதைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் பாதிரியாரிடம் காட்டி ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தாள். ஆசீர்வாதம் திங்கட்கிழமைகளில் பம்பை ஓட்டினார். கயிறு இழுக்க இப்போது யாரும் வந்து நிற்பதில்லை. ஒருநாள் இராமலிங்கம், "அன்னிக்கி நல்ல பிளக்க கொண்டாந்தியே, பாத்தியா, அதுதான் ஒரே இழுப்புல கெளம்பிச்சி. நான் அப்பவே சொல்லல?" என்றார். ஆசீர்வாதம் "ஆமா சார்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், கங்கம்மாவும் பச்சையப்பனும் கவரைப்பேட்டைக்கு வந்தார்கள். பஸ்ஸில் வந்து, வீடு விசாரித்துக் கண்டுபிடித்து. கட்டுப் பிரித்திருந்தார்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் வழவழவென்று பளபளத்தது. ரோஸ்லின் பார்த்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பர்மனென்ட் ஆயிட்டியாமே ண்ணா. சந்தோசம்" என்றாள் கங்கம்மா. மனதாரத்தான் சொன்னாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். திருவள்ளூரில் லேபர் ஆபீஸில் கொடுப்பதற்கு ஒரு மனு. கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவர் எழுதிக்கொடுத்தது. பம்பு பழுதாக இருந்தது, அதனால்தான் இப்படி ஆனது என்று எழுதியிருந்தது. கீழே சாட்சி என்று போட்டு ஒரு கோடு.

"நீ கையெழுத்து போட்டா போதும்னாரு. பம்பு பாத்தவன் நீதான. இந்த ஆளு வாணாம்னு சண்ட. நான்தான் இஸ்துகினு வந்தேன்."

"நான் வாணாம்னு சொல்லல" என்றான் பச்சையப்பன். "கேட்டுட்டு போடலாம்னு சொன்னேன்." ஆசீர்வாதத்தைப் பார்த்தான். குரல் தணிந்திருந்தது. "ண்ணா, எனக்கு ஞாபகமே வரல. படுத்தா அதே நெனப்பு. சோக்கு தள்ளினனா, இல்ல போட்டு இன்ஜினு ஞாபகத்துல இழுத்துட்டனா? கை இருந்தா ஒருவாட்டி செஞ்சி பாத்தா தெரிஞ்சிபூடும். நான் இழுத்துட்டிருந்தா தப்பு என்மேலதான? பம்புமேல பழி போட்டா, தெனமும் அத கண்ணா பாத்துகினவன் நீ, உன்மேல போட்ட மாதிரி ஆவாது? நீ சொல்லு. உனக்குத்தான் தெரியும்."

உனக்குத்தான் தெரியும். சொட்டிய பெட்ரோலை ஆசீர்வாதத்தின் விரல்கள் மறக்கவில்லை. தள்ளினாய்டா, சரியாகத் தள்ளினாய், உன்னைப்போல் யாரும் தள்ளியிருக்க முடியாது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அப்புறம் ஏன் கிளம்பவில்லை என்று. கதவருகே ரோஸ்லின் நின்றாள். ஆணியில் பச்சைப் பட்டை அட்டை தொங்கியது.

"பதட்டத்துல யாருக்கும் வரும்டா" என்றார்.

பச்சையப்பன் தலையை மெல்ல ஆட்டினான். முகம் சற்றே தெளிந்தது. தெரிந்துவிட்டதே என்கிற தெளிவு. "அப்ப சோக்க இஸ்துட்டுத்தான் கீறேன்" என்றான்.

கங்கம்மா புருஷன் பக்கம் திரும்பி, "பத்து வருஷம் கடல்ல இஸ்தேன், கடல்ல இஸ்தேன்னு பீத்திகினியே" என்றாள். மனுவைப் பார்த்தாள். "வாணாம் ண்ணா. பொய்க் கேசு போட்டுத் துன்ற சோறு என் புள்ளைங்களுக்கு ஒட்டாது. நாங்க மீன் கூடை தூக்கிப் பொழச்சிக்கறோம்." தாளைத் திருப்பினாள். "பின்பக்கம் வெள்ளையா கீது. உங்க பொண்ணு கணக்கு போட்டுப் பாக்க ஆவும், வெச்சிக்க ண்ணி" என்று ரோஸ்லினிடம் நீட்டினாள்.

ரோஸ்லின் வாங்கிக்கொண்டாள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று இலை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு. கங்கம்மா சோற்றைப் பிசைந்து உருட்டிப் புருஷன் வாயில் வைத்தாள். அவன் குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, மென்றபடியே, "ண்ணி, கொழம்பு நல்லாக்கீது" என்றான். பிறகு எதிர் இலையைப் பார்த்து, "இன்னாண்ணா, கையக் கட்டிகினு குந்திகினுகீறே? துன்னு" என்றான்.

ஆசீர்வாதம் சாப்பிட்டார்.